பொய்த்தண்ணி சயாவும் புதன்கிழமை வெள்ளமும்

யாங்கோனில் ஒரு வருடம் மழைக்காலம் வராமல் போனாலும் போகும். பொய்த்தண்ணி சயா ஒரு முடிவுக்கு வரமாட்டார். இதை நான் கோபத்தில் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். கோபத்தில்தான் சொல்கிறேன். ஆனால் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து யோசித்தாலும் இதையேதான் சொல்வேன். மதியத்துக்கு மீனா கோழியா என்று கேட்டால், "ரெண்டுலயும் கொஞ்சம் வாங்கி ஒப்பிட்டுப் பாப்பமே" என்கிற மனிதர் அவர். அவர் ஒப்பிட்டு முடிப்பதற்குள் நாங்கள் சாயங்கால டீக்கே இறங்கிப் போயிருப்போம்.

'சயா' என்பது இங்கே வாத்தியாருக்கும் டாக்டருக்கும் நாலு விஷயம் தெரிந்த எவருக்கும் உள்ள மரியாதைப் பெயர். முன்பாதியைச் சூட்டியது எங்கள் ஆபீஸுக்குக் கீழே இருக்கும் டீக்கடைக்காரர். சயா வேலைக்குச் சேர்ந்த புதிதில், நம்ம ஆள் போலிருக்கிறதே என்று அவர் பேச்சுக் கொடுத்தார்.

"சயாவுக்கு என்ன தொழில்?"

"தண்ணி தயார் பண்றேன்."

"அடடே, பெரிய ஜாடி என்ன விலைக்குப் போடுவீங்க?"

"ஜாடிக்கணக்குல வராதுங்க. ஒரு ஆறு முழுக்க ஒரே தடவையா வரும்."

"எந்த ஆறு சயா?"

"அப்படி ஒரு ஆறு இல்ல. நிஜத் தண்ணி மாதிரியே இருக்கும். ஆனா பொய்த்தண்ணி."

கடைக்காரர் தன் கடைத் தண்ணீர் ஜாடியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அன்றோடு சயாவின் சொந்தப் பெயர் எங்கள் கியாக்டடா பேட்டையில் யாருக்கும் தேவைப்படவில்லை. சம்பளக் கவரில்கூட நான் சில மாதம் 'பொ.த. சயா' என்றே எழுதியிருக்கிறேன். அவரும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார்.

எங்கள் ஆபீஸ் சூலே பகோடாவுக்குப் பின்தெருவில், லிஃப்ட் இருந்தும் ஓடாத ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. மதகு, கரை, கால்வாய் கட்டப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு அறிக்கை கொடுப்பது எங்கள் வேலை. முதலாளி கோ ஜோ. தமிழ்ப் பிள்ளைதான், ஆனால் வாயில் வருவதெல்லாம் பர்மியம். கோபம் வந்தால் மட்டும் தமிழ். சயா சேர்ந்த பிறகு அவருடைய தமிழ் மிகவும் முன்னேறிவிட்டது.

நான் அந்த அறிக்கைகளை டைப் செய்து, பிழை திருத்தி, அட்டை போட்டு அனுப்புகிறவள். இங்கே எங்களில் பலருக்கும் இரண்டு பெயர். சர்ச்சில் நான் ஸ்டெல்லா, ஆபீஸில் மா தீடா. வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், டாலாவில், ஓர் ஓடையின் ஓரத்தில். மழைக்காலத்தில் அந்த ஓடை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வரும். சொந்தக்காரர்களைப் போல, வந்தால் உடனே கிளம்பவும் செய்யாது. ஒவ்வொரு மழைக்கும் அரிசிப் பானையையும் அம்மாவின் தையல் மெஷினையும் கட்டில்மேல் ஏற்றி வைத்துவிட்டு, அம்மாவை மேட்டுத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, நான் தண்ணீருக்குக் காவல் இருப்பேன்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் கோ ஜோ மேஜையில் ஒரு புதுக் கோப்பைப் போட்டார். வெளிநாட்டு தர்ம ஸ்தாபனம் ஒன்று டாலாவில் ஓர் ஓடைக்குக் கரை கட்டித் தர முன்வந்திருக்கிறது. எவ்வளவு உயரத்துக்குக் கட்டுவது என்று நாம் சொல்ல வேண்டும். பிரித்துப் பார்த்தேன். என் ஓடை! இருபது வருடமாக எந்த மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேனோ, அந்த மாதா கோப்பு வடிவத்தில் வந்திருக்கிறாள் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை. சித்திரைத் தண்ணீர்த் திருவிழா விடுமுறைக்கு முன்னால் அறிக்கை கைக்கு வராவிட்டால் கரை வேறு ஊருக்குப் போய்விடும்.

"மழை ஓஞ்சு இப்பத்தானே ஆரம்பிக்கிறோம். சித்திரைக்கு எவ்வளவோ நாள் இருக்கு" என்றார் கோ ஜோ. பிறகு, "இதை யார்கிட்ட குடுக்கலாம்?" என்றார். எங்கள் ஆபீஸில் தண்ணீர்க் கணக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் பார்த்தோம். அங்கே பொய்த்தண்ணி சயா, இரண்டு பென்சில்களில் எது கூர் என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது. ஓடையில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்ற பதிவு சில வருடங்களுக்குத்தான் இருக்கும். அதை மட்டும் நம்பிக் கரை கட்டினால், பதிவில் இல்லாத பெரிய வெள்ளம் வரும் வருடம் கதை முடிந்தது. அதனால் உள்ள வருடங்களின் குணத்தைப் படித்து, அதே குணத்தோடு ஆயிரக்கணக்கான பொய் வருடங்களைக் கம்ப்யூட்டரில் பிறக்கவைக்க வேண்டும். அத்தனையையும் கட்டப்போகும் கரைமேல் ஓடவிட்டுப் பார்த்தால் உயரம் தெரிந்துவிடும். ஆனால் பொய் வருடம் பிறக்கவைக்கப் பல வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் பிறந்த பொய் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் ஒப்பிட வேண்டும். ஒப்பிட வேண்டும்! இந்த மனிதரிடம் போய்!

சயா மூன்று வழிகளை எடுத்துக்கொண்டார். மூன்றுக்கும் புத்தகத்தில் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. இவர் வைத்த பெயர்கள் வேறு. முதலாவது கைபிடிச்சான். ஒவ்வொரு மாதமும் போன மாதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்; போன மாதம் தண்ணீர் அதிகமென்றால் இந்த மாதமும் கொஞ்சம் அதிகம். இரண்டாவது சீட்டுக்கட்டு. பழைய வருடங்களைத் துண்டு துண்டாக வெட்டிக் கலைத்துப் போடும். பார்த்த வெள்ளத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டும், பார்க்காததைக் காட்டத் தெரியாது. மூன்றாவது பங்காளி. எதையும் மறக்காது. என்றைக்கோ வந்த வெள்ளத்தை மனதில் வைத்துக்கொண்டு, கெட்ட வருடங்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தும்.

சீட்டுக்கட்டு சொன்ன கரை குட்டை. பங்காளி சொன்ன கரை நெட்டை. கைபிடிச்சான் நடுவில். நான் டைப் மெஷினாக மட்டும் இருந்திருந்தால் எதுவாயிருந்தால் எனக்கென்ன? ஓடை ஓரத்தில் வீடு இருக்கிறதே. "சயா, ஏதாவது ஒண்ணைச் சொல்லி முடிங்க" என்று காலையிலும் மாலையிலும் போய் நிற்பேன். "அவசரப்பட்டுச் சொல்ற பொய் நிக்காதும்மா" என்பார்.

மார்கழி மாதம் கைபிடிச்சான் ஒரு கோளாறு செய்தது. சித்திரை மாத ஓடையில் பூஜ்யத்துக்கும் கீழே தண்ணீர் என்று காட்டியது. அதாவது, இல்லாததற்கும் குறைவாகத் தண்ணீர். கோ ஜோ எட்டிப் பார்த்துவிட்டு, "சைபர்னு போட்டுருங்க சயா" என்றார். சயா பேனாவைக் கீழே வைத்தார்.

"சைபர்னு நான் எப்படிப் போடுவேன்? அது சொல்லலியே."

"நீங்களே பொய்த்தண்ணிதானே செய்றீங்க? இன்னும் ஒரு பொய் சேர்ந்தா என்ன?"

"பொய் சொல்றதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும் தம்பி. இல்லைன்னா எல்லாரும் இதைச் செய்யலாமே."

"பூஜ்யத்துக்குக் கீழ தண்ணி எங்கய்யா இருக்கும்! தலைகீழா ஓடுமா?" இது சுத்தத் தமிழில் வந்தது. அவ்வளவு கோபம். சயா அந்த ஒரு சித்திரையைச் சரிசெய்ய தை மாதம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

இதுகூடப் பரவாயில்லை. பெயர் வைக்க ஆரம்பித்தார் பாருங்கள், அங்கேதான் என் தலைவிதி திரும்பியது.

இங்கே பர்மியர் வழக்கத்தில் பிள்ளை பிறந்த கிழமைக்கு என்று எழுத்து வரிசை உண்டு. திங்கட்கிழமை பிறந்தால் கின் கின், செவ்வாய் என்றால் சூ, சனி என்றால் டின் என்று பெயரைக் கேட்டே கிழமையைச் சொல்லிவிடலாம். என் 'தீடா' வெள்ளிக்கிழமைப் பெயர். மதம் எதுவாக இருந்தாலும் எங்களில் பலருக்கும் பர்மியப் பெயர் அந்தக் கணக்கில்தான் வைத்திருப்பார்கள். சயா தன் பொய் வருடங்களில் முக்கியமானவற்றுக்கு இப்படியே பெயர் சூட்டினார். "நம்பர் போட்டா எல்லாம் ஒரே மூஞ்சியாத் தெரியும்மா. பேர் வெச்சாத்தான் குணம் தெரியும்" என்றார். கம்ப்யூட்டர் என்றைக்கு அந்த வருடத்தைப் பெற்றுப் போட்டதோ, அந்தக் கிழமைப் பெயர். கம்ப்யூட்டர் எப்போது பெறும் என்பது கரண்டு கையில் இருந்தது.

டீக்கடையில் உட்கார்ந்து, "கின் கின் நல்லாத்தான் இருந்தா. பங்குனியில சுருண்டுட்டா. சித்திரையில ஒண்ணுமில்லாமப் போய்ட்டா" என்று என்னிடம் சத்தமாகச் சொல்வார். ஒரு நாள் பக்கத்து மேஜைப் பெண்மணி எழுந்துவந்து அவர் கையைப் பிடித்து, "மனசைத் தேத்திக்கங்க சயா, எல்லாம் நிலையில்லாதது" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். சயாவும் பணிவோடு தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். அவருக்கு நிஜமாகவே துக்கம்.

புதன்கிழமைக்கு மட்டும் ஒரு வில்லங்கம் உண்டு. அன்றைக்கு நடுமதியத்துக்கு முன் பிறந்தால் ஒரு வரிசை, பின் பிறந்தால் ராகு, அதற்கு வேறு வரிசை. பங்காளி பெற்ற வெள்ளங்களிலேயே பெரிய வெள்ளம், இவ்வளவு நாளும் காத்திருந்துவிட்டு, ஒரு புதன்கிழமை மதிய வாக்கில் பிறந்து தொலைத்தது. 'வின்' என்று வைப்பதா 'யீ யீ' என்று வைப்பதா?

"அன்னிக்குக் கரண்டு எப்ப வந்துச்சு, மா தீடா?"

"மதியம் சோறு சாப்பிடறப்ப வந்துச்சு."

"சாப்பிட ஆரம்பிக்கிறப்பவா, சாப்பிட்டுக்கிட்டிருந்தப்பவா?"

"சயா, கம்ப்யூட்டர்லயே நேரம் போட்டிருக்குமே!"

"கரண்டு போய்ப் போய் வந்தா அந்தக் கடிகாரமும் பொய் சொல்லும்மா. அது என்னை மாதிரி கத்துக்கிட்டுச் சொல்ற பொய் இல்ல."

கட்டடக் காவலாளியைக் கேட்டார். டீக்கடையைக் கேட்டார். எதிர்க்கடை ஜெராக்ஸ்காரரைக் கேட்டார். எல்லோரும் வெவ்வேறு நேரம் சொன்னார்கள். அந்த வெள்ளம் பல நாள் பெயரில்லாமல் கிடந்தது; அது முடிந்தால்தான் அடுத்த வேலை என்று சயாவும் கிடந்தார். கடைசியில் நான் பொறுக்க முடியாமல், "நான் பாத்தேன் சயா, மதியத்துக்கு முன்னாடிதான், பைபிள்மேல சத்தியம்" என்றேன். எதையும் பார்க்கவில்லை. கர்த்தர் மன்னிப்பார், அவருக்கும் சயாவைத் தெரியும்.

பிறகு வந்தது பரீட்சை. மூன்று வழிகளில் எது உண்மைக்குப் பக்கம் என்று கண்டுபிடிக்க, சயாவுக்கே உரிய ஓர் ஏற்பாடு. ஒரு தாளில் ஐந்து வருடங்களின் தண்ணீர் ஏற்ற இறக்கத்தைக் கோடுகளாக வரைந்திருப்பார். நாலு பொய், ஒன்று நிஜம். ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர். நிஜ வருடம் தனியாகத் தெரிந்துவிடக் கூடாதே என்று அதற்கும் ஒரு பெயர். "இதுல எது நிஜ ஆறு, சொல்லுங்க" என்று நீட்டுவார். ஆட்கள் எந்தப் பொய்யை அதிகமாக நிஜம் என்று நம்புகிறார்களோ, அதைப் பெற்ற வழிதான் நல்ல வழி.

அந்தத் தாள் நுழையாத இடமில்லை. டாலா ஃபெர்ரியில் நீட்டினார். லாட்டரி முடிவு என்று ஒரு கூட்டமே சுற்றி நின்றது. மீன்குழம்பில் சேமியா போட்டுத் தரும் மொஹிங்கா கடையில் நீட்டினார். குழம்பு கொட்டி ஒரு வருடத்துக்குக் கூடுதலாக வெள்ளம் வந்தது. என் சித்தப்பா மகளின் கல்யாணத்துக்கு அழைத்தேன். சர்ச் வாசலில் மாப்பிள்ளையின் அப்பா கையில் தாளை வைத்துவிட்டார்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, நாங்க கிறிஸ்தவங்க. ஜாதகமெல்லாம் பாக்கறதில்லையே" என்றார்.

"ஜாதகம் இல்லீங்க. எது நிஜம்னு மட்டும் சொன்னாப் போதும்."

"இப்ப எதுக்கு அது? பொண்ணு வீட்ல ஏதாவது மறைக்கிறாங்களா?"

அந்தக் கல்யாணம் நடந்தது என்றால் அது என் சித்தி அழுத அழுகையால் நடந்தது. சயா அந்த அமளியிலும் பந்தியில் உட்கார்ந்து இரண்டு பேரிடம் பதில் வாங்கிவிட்டார்.

பங்குனி பிறந்தது. தெருவில் தண்ணீர்த் திருவிழாவுக்குப் பந்தல் மூங்கில் இறங்க ஆரம்பித்துவிட்டது. தர்ம ஸ்தாபனத்திலிருந்து கோ ஜோவுக்கு இரண்டு முறை போன் வந்தது. எனக்கு ராத்திரியில் கனவில்கூட மூங்கில் இறங்கியது. கடைசியாக ஒரு காலை சயா பளபளவென்று ஷேவ் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட லொஞ்சிக் கைலி கட்டிக்கொண்டு வந்து, "முடிவு வந்துருச்சு" என்றார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லோரையும் கூட்டி வைத்து அறிவித்தார். பரீட்சையில் ஜெயித்தது சீட்டுக்கட்டு. அதன் பிள்ளைகளைத்தான் ஜனங்கள் நிஜம் என்று அதிகம் நம்பியிருக்கிறார்கள். ஆகவே குட்டைக் கரை. குட்டைக் கரை என்றால் இருக்கிற நிதிக்கு ஓடையின் முழு நீளத்துக்கும் கட்டலாம். என் தெரு வாசல்வரை வரும்! நான் கை தட்டினேன். என்னையறியாமல் ஓர் அல்லேலூயாவும் வந்துவிட்டது.

சயா மகிழ்ச்சியில் கோ ஜோவைப் பாராட்டப் போனார். அங்கேதான் வினை. "தம்பிதான் ரொம்பத் தெளிவு. எத்தனை தாள் குடுத்தாலும் தயங்காம சூவைத்தான் காட்டினாரு. எப்படிப்பா கண்டுபிடிச்ச?"

"அதுல என்ன சயா இருக்கு?" என்றார் கோ ஜோ. "நான் செவ்வாய்க்கிழமை பிறந்தவன்."

சயா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மா தீடா, நீங்க எப்பவும் தெயினையும் தீடாவையும்தானே காட்டுவீங்க?"

"ஆமா சயா."

"ஏன்?"

"வெள்ளிக்கிழமைல்ல!" என்றேன். வேறு எதைக் காட்டுவது? இங்கே பகோடாவுக்குப் போனால் ஒவ்வொருவரும் தன் கிழமைக்குரிய மூலையில்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவள்தான், இருந்தாலும் ஊரோடு ஒத்த பழக்கம் விடுமா? டிரைவரைக் கேட்டார், திங்கள் பிறந்தவர், திங்கள் பெயரைக் காட்டியிருந்தார். டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார், அவரும் அப்படியே. அத்தனை பேரும் ஆற்றைப் பார்க்கவே இல்லை. அவரவர் கிழமையைப் பார்த்து விரலை வைத்திருக்கிறோம். சீட்டுக்கட்டைச் சயா ஓட்டியதெல்லாம் செவ்வாயும் வெள்ளியும். அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் கரண்டு போகாமல் இருக்கும். தாள் அதிகம் பார்த்ததோ செவ்வாய்க்காரர் கோ ஜோவும் வெள்ளிக்காரி நானும்; அதனால் அது ஜெயித்தது.

"அமலே!" என்று பர்மியத்தில் தலையில் கை வைத்தார் கோ ஜோ. பிறகு தமிழுக்கு மாறினார். அந்தத் தமிழை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

சயா சாப்பிடப் போகவில்லை. பரீட்சைத் தாள்களையெல்லாம் எடுத்துக் கட்டி மூலையில் வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் எழுந்து வந்து, "எது சரின்னு எனக்குத் தெரியாதுன்னே எழுதுங்க. தெரியாததால பங்காளி சொல்ற உயரத்துக்குத்தான் கட்டணும்னு எழுதுங்க" என்றார்.

நெட்டைக் கரை! அதே நிதிக்கு நெட்டைக் கரை பாதி ஓடைவரைக்கும்தான் வரும். பள்ளிக்கூடமும் சந்தையும் உள்ளே. என் தெரு வெளியே. வரைபடத்தைப் பார்த்தேன். கரை நிற்கும் இடத்துக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு புளியமரம்தான் தூரம்.

ஃபெர்ரி புறப்படும் பன்சொடான் ஜெட்டிவரை அவரோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலைல சீட்டுக்கட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"காலைல தப்பாச் சொன்னேன்."

"இப்ப சொல்றது மட்டும் சரின்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"தெரியாததுக்காக என் வீட்டை வெளிய விடுவீங்களா? நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்? எத்தனை பேருக்குப் பேர் வெச்சீங்க, எத்தனை தாளுக்கு ஜெராக்ஸ் எடுத்தேன்! குட்டைக் கரைன்னு ஒரு வார்த்தை எழுதிட்டா என்ன குறைஞ்சுபோகும்?"

அவர் நின்றார். "மழை பெஞ்சா இப்ப என்ன பண்றீங்க?"

"என்ன பண்றது? சாமானை மேல ஏத்துவேன். அம்மாவை மேட்டுத் தெருவுக்கு அனுப்புவேன். முழிச்சுக் கிடப்பேன்."

"குட்டைக் கரை வந்துட்டா?"

"நிம்மதியாத் தூங்குவேன்! அதுக்குத்தானே சயா இவ்வளவும்!"

"அதுதாம்மா எனக்குப் பயம். சீட்டுக்கட்டுக்குப் பாத்த வெள்ளம் மட்டும்தான் தெரியும். பாக்காத வெள்ளம் வர்ற அன்னிக்கு நீங்க தூங்கிக்கிட்டிருப்பீங்க. நான் கையெழுத்துப் போட்ட கரையை நம்பி, அம்மாவையும் பக்கத்துல படுக்கவெச்சுக்கிட்டுத் தூங்கிக்கிட்டிருப்பீங்க."

நியாயம் எதிராளி பக்கம் இருக்கும்போது வரும் கோபம் இருக்கிறதே, அது சாதாரணக் கோபத்தைவிட மோசம். "உங்க பொய்த்தண்ணியை நீங்களே குடிங்க" என்று சொல்லிவிட்டு ஃபெர்ரியில் ஏறிப் போய்விட்டேன். மறுநாள் என் வீட்டை வெளியே விட்ட அறிக்கையை நானே டைப் செய்து, நானே அட்டை போட்டு, திருவிழாவுக்கு முன்னால் அனுப்பினேன். அன்று முழுவதும் சயாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை; ஒட்டுவதற்குப் பசை நல்லதா ஸ்டேப்ளர் நல்லதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச்சிலிருந்து வந்தபோது வாசலில் ஒரு சைக்கா நின்றது. நம் ஊர் சைக்கிள் ரிக்‌ஷாதான், பக்கவாட்டில் இருக்கை. அதில் சயா, மடியில் மூன்று பெயிண்ட் டப்பாக்களோடு. அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டு, அளவு நாடா பிடித்து, வீட்டைத் தாங்கும் மரத்தூணில் மூன்று கோடு போட்டார். கீழே பச்சை, நடுவில் மஞ்சள், மேலே சிவப்பு.

"இது சீட்டுக்கட்டு, இது கைபிடிச்சான், இது பங்காளி. கரை உங்க தெருவுக்கு வர்றவரைக்கும் வீட்டுத் தளத்தைத் தூக்கிப் போட்டுக்கங்க."

"எந்தக் கோடு வரைக்கும்?"

"அது உங்க இஷ்டம்மா. மூணுமே பொய்தான். ஆனா யோசிச்சுச் சொன்ன பொய்."

தூணில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பெயிண்ட் காயாததால் விட்டேன். பிறகு மேட்டுத் தெருவில் இருக்கும் என் அண்ணனும் தெருக்காரர்களும் சேர்ந்து பலகைத் தளத்தைக் கழற்றி மேலே ஏற்றினார்கள். எந்தக் கோட்டுக்கு என்று கேட்கிறீர்களா? சிவப்புக்குத்தான். மஞ்சளில் ஒரு மனுஷி தூங்க முடியுமா? அதைப் பார்த்துத் தெரு முழுக்கச் சயாவைப் பிடித்துக்கொண்டது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவர் வீடு வீடாகக் கோடு போட்டார். புதிதாகத் தெருவுக்கு வருகிறவர்கள் ஏதோ கட்சிக்கொடி என்று நினைத்து மரியாதையாகப் பேசுகிறார்கள்.

இதற்குப் பிறகு பெரிய வெள்ளம் வந்து, சயாவின் கணக்கு ஜெயித்து, ஊரே மாலை போட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் வரவில்லை. நெட்டைக் கரை இன்றுவரை சும்மா நிற்கிறது. மேலே ஆடு மேய்கிறது. மீதிக் கரை வரும் வரும் என்கிறார்கள். "உங்க பங்காளி வரவே இல்லையே சயா" என்று சீண்டினால், "வராத வருஷமும் என் கணக்குல இருக்கும்மா" என்பார். இவரை ஜெயிக்க முடியாது. தோற்கடிக்கவும் முடியாது.

இப்போது அவர் மோல்மேனில் மகள் வீட்டில் இருக்கிறார். தொல்லை விட்டது என்று நினைத்தேன். மழைக்காலம் ஆரம்பித்ததும் போன் வந்தது.

"தண்ணி எங்க இருக்கு?"

"ஓடையில இருக்கு சயா."

"ஓடையில எங்க?"

தூறினாலும் போன், இடித்தாலும் போன். பூசையில் நற்கருணை வாங்கப் போகும்போது போன். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துவைத்திருக்கும்போது போன். எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, அவர்கள் குடை பிடித்துக்கொண்டு வந்து, "உங்க சயா கேக்கறாரு, தண்ணி எங்க இருக்கு?" என்பார்கள். மோல்மேனில் மேகம் கறுத்தால் டாலாவில் என் சோறு ஆறிப்போகும்.

போன வாரம் விடியற்காலையிலிருந்து ஊற்றித் தள்ளியது. ஓடை நிரம்பி வாசலுக்கு வந்துவிட்டது. வீட்டுக்குக் கீழே தண்ணீர் சலசலத்தது. பச்சைக் கோட்டைக்கூடத் தொடவில்லை. போன் மட்டும் வரவில்லை. காலையில், அப்பாடா என்று இருந்தது. குழம்பு வைத்தேன். அம்மாவுக்குச் சோறு போட்டேன். இடையில் இரண்டு மூன்று முறை போனை எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் இருந்தது, டவர் இருந்தது. அவருக்கும் வயதாகிவிட்டது. மகள் நம்பரைத் தேடினேன், வேண்டாம் என்று வைத்தேன், மறுபடி எடுத்தேன். மதியத்துக்குமேல் பொறுக்க முடியவில்லை. அவருக்கே போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"யாரு, மா தீடாவா? என்னம்மா, நீங்களே கூப்பிடறீங்க? தண்ணி உள்ள வந்துருச்சா?"

"இல்ல சயா, தண்ணியெல்லாம் ஒண்ணும் வரல. நீங்க கூப்பிடலையேன்னுதான்."